கோவையில் கிடைக்காது, காரையில் கிடைக்கும்: 10 கோடி ஆண்டுக்கு முந்தைய 'வாள்பல்' சுறா பற்றித் தெரியுமா?

சுறாப்புட்டு பற்றி கோவைக்காரர்களுக்குச் சொல்லியா தரணும்? உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு வரும் சுறா கடற்கரையில் இருந்து ஐஸ் பெட்டியில் பயணம் செய்து வருகிறது. ஆனால் கோவைக்குக் கிழக்கே, சாலை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தில், கடற்கரையே இல்லாத பெரம்பலூர் மாவட்டத்தில் மண்ணுக்குள்ளேயே சுறா இருக்கிறது. உயிரோடு அல்ல, பல்லாக.

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தின் பெயரைத் தாங்கிய பாறை அடுக்கில் கிடைத்த பற்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2011-ம் ஆண்டு ஒரு புதிய பேரினத்துக்கே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கிளாடியோசெரேட்டஸ். அழிந்துபோன குருத்தெலும்பு மீன்களின் உலகப் பட்டியலில் தமிழ்நாட்டு மண் கொடுத்த பெயர் இது.

அது என்ன மீன்? உடம்பு கிடைக்காமல் பல்லை மட்டும் வைத்து எப்படிப் பெயர் வைத்தார்கள்? பெரம்பலூரில் கிடைப்பது ஏன் கொங்கு மண்ணில் கிடைப்பதில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

கிளாடியோசெரேட்டஸ் என்றால் என்ன?

லத்தீன் மொழியில் 'கிளாடியஸ்' என்றால் வாள். 'செரேட்டஸ்' என்றால் ரம்பம் போல் பல் வெட்டியது. இரண்டையும் சேர்த்தால் இந்த மீனின் பல் எப்படி இருக்கும் என்பது புரிந்துவிடும்.

இது ஒரு பேரினத்தின் பெயர். பேரினம் என்பதைச் சுலபமாக இப்படிப் புரிந்துகொள்ளலாம். வால்பாறை எஸ்டேட்டுகளுக்குள் வந்துபோகும் சிறுத்தையும் ஆனைமலைக் காட்டில் இருக்கும் புலியும் வேறு வேறு சிற்றினம். ஆனால் இரண்டும் 'பாந்தெரா' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதேபோல கிளாடியோசெரேட்டஸ் என்ற பேரினத்துக்குள்ளும் சில சிற்றினங்கள் உண்டு. அதில் தென்னிந்தியாவில் கிடைத்ததற்குப் பெயர் கிளாடியோசெரேட்டஸ் மேக்னஸ். 'மேக்னஸ்' என்றால் பெரியது.

சுறா, திருக்கை இரண்டுமே குருத்தெலும்பு மீன்கள் என்ற பெரிய கூட்டத்தில் வருபவை. அந்தக் கூட்டத்துக்குள் 'ஹெக்ஸாங்கிடே' என்று ஒரு பழைய குடும்பம் இருக்கிறது. சாதாரணமாக ஒரு சுறாவின் கழுத்தோரம் பார்த்தால், ஒவ்வொரு பக்கமும் ஐந்து செவுள் பிளவுகள் இருக்கும். இந்தக் குடும்பத்துச் சுறாக்களுக்கோ ஆறு அல்லது ஏழு. முதுகுத் துடுப்பும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வாலுக்குப் பக்கத்தில் தள்ளி இருக்கும். கிளாடியோசெரேட்டஸ் இந்தக் குடும்பத்தின் அழிந்துபோன ஒரு கிளை.

சரி, ஏன் பல் மட்டும் கிடைக்கிறது?

சுறாவுக்கு எலும்பே கிடையாது. ஆமாம், நிஜமாகத்தான். அதன் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பால் ஆனது. நம் காது மடலையும் மூக்கு நுனியையும் தொட்டுப் பாருங்கள், வளைகிறதல்லவா? அதே மாதிரிப் பொருள்தான். சுறாப்புட்டு செய்யும்போது முள் எடுக்கும் வேலை அவ்வளவாக இல்லாததற்குக் காரணமும் இதுதான்.

சமையலுக்கு வசதியாக இருக்கும் இந்த விஷயம் ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி. சுறா செத்து கடலடியில் விழுந்தால் சதை போன கொஞ்ச நாளிலேயே குருத்தெலும்பும் சிதைந்துவிடும். சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிய முதுகெலும்புத் துண்டுகள் சில சமயம் தப்பிக்கும். முழு உடல் கல்லாக மாறி நிற்பது மிக மிக அபூர்வம்.

பல் கதையே வேறு. சுறாவின் பல்லுக்கு மேல் எனாமல் போன்ற ஒரு கெட்டியான பூச்சு இருக்கிறது. அதில் இருப்பது புளோரின் கலந்த பாஸ்பேட் தாது. எளிதில் கரையாது, உடையாது. அதோடு மனிதர்களைப் போல இரண்டே செட் பல்லோடு சுறா நின்றுவிடுவதில்லை. முன்வரிசைப் பல் விழ விழ, பின்னால் இருந்து அடுத்த வரிசை நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு சுறா தன் ஆயுளில் உதிர்க்கும் பற்கள் ஆயிரக்கணக்கில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடல் ஒன்று, அதுவும் அழியக்கூடியது. பற்கள் ஆயிரம், ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கக்கூடியது. அதனால்தான் உலகம் முழுக்க, அழிந்துபோன சுறாக்களில் பெரும்பாலானவை பல்லால் மட்டுமே அறியப்படுகின்றன. கிளாடியோசெரேட்டஸும் அப்படித்தான். அதன் முகம் எப்படி இருந்தது, உடல் என்ன நிறம் என்று யாராவது படம் வரைந்தால், அது இன்றைய சொந்தக்கார மீன்களைப் பார்த்து வரைந்த ஊகம்.

ஒரு பல்லை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பல் என்பது வெறும் கூரான கல் இல்லை. அது ஒரு கருவி. இறைச்சி வெட்டும் கத்திக்கும் தேங்காய்த் துருவிக்கும் வடிவம் ஏன் வேறாக இருக்கிறது? செய்யும் வேலை வேறு என்பதால். அதேபோல சுறாவின் பல்லும் அது என்ன சாப்பிட்டது, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

மீனைக் குத்திப் பிடிக்கும் சுறாவுக்கு ஊசி போல் நீண்ட பல். பெரிய இரையை அறுத்துத் தின்னும் சுறாவுக்கு ஓரம் முழுக்க ரம்பம் வைத்த அகலமான முக்கோணப் பல். சிப்பியை நொறுக்கித் தின்னும் வகைக்கு அம்மிக்கல் போல் தட்டையான பல்.

ஹெக்ஸாங்கிடே குடும்பத்தின் கீழ்த்தாடைப் பல் இது எதிலும் சேராது. பார்க்க ஒரு சீப்பைப் போல இருக்கும். ஒரே வேரின் மேல் வரிசையாகப் பல முனைகள். முதல் முனை பெரிது, அதன் பின்னால் வருபவை படிப்படியாகச் சிறிதாகும். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். மேல்தாடைப் பற்களோ ஒடுங்கிக் கூராக இருக்கும். மேல் பல் இரையைப் பிடித்துக்கொள்ள, கீழ்ப் பல் ரம்பம் போல் அறுத்து எடுக்கும். தலையை இப்படியும் அப்படியும் உதறினால் போதும், ஒரு துண்டு கையோடு வந்துவிடும்!

பெரிய முனையின் முன் விளிம்பில் இருக்கும் பல்வெட்டு எவ்வளவு முரட்டுத்தனமானது, முனைகள் எத்தனை, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன, வேர் எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் பேரினமும் சிற்றினமும் பிரிக்கப்படுகின்றன.

பெரம்பலூரில் கடலா?

பெரம்பலூர் மட்டும் இல்லை. அரியலூர், திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரம் என ஒரு பெரிய பகுதி கடலுக்கு அடியில் இருந்தது.

அப்போது உலக வரைபடமே வேறு. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து பிரிந்துகொண்டிருந்த காலம். அந்த உடைப்பில் இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் நிலம் கீழே இறங்கிப் பள்ளங்கள் உருவாயின. அதில் ஒன்றுதான் இன்று 'காவிரிப் படுகை' என்று புவியியலாளர்கள் சொல்வது. பள்ளத்துக்குள் கடல் புகுந்தது.

காரை அடுக்கின் பற்கள் கிடைத்த பகுதிக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். கிரெட்டேசியஸ் காலத்தின் நடுப்பகுதி, செனோமேனியன் என்ற கட்டத்தின் தொடக்கம். அன்று இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது. மடகாஸ்கர் இன்னும் நம்மோடு ஒட்டித்தான் இருந்தது. இமயமலை என்று ஒன்று கிடையவே கிடையாது.

அந்தக் கடலடியில் சேறு மெல்ல மெல்லப் படிந்தது. கூடவே செத்த உயிர்களின் ஓடுகளும், உதிர்ந்த பற்களும் புதைந்தன. பிறகு கடல் பின்வாங்க, அந்தச் சேறு இறுகிக் களிமண் பாறையாக நின்றுவிட்டது. இன்று காரைப் பக்கம் போனால், மழைநீர் அரித்து அரித்து, ஆயிரம் ஓடைகளாகப் பிளந்து கிடக்கும் செம்பழுப்பு மேடுகளைப் பார்க்கலாம். நடுநடுவே வெயிலில் மின்னும் ஜிப்சம் தகடுகள். காலடியில் துப்பாக்கிக் குண்டு போல நீளமான சிறு கற்கள் கிடக்கும். அவை பெலம்னைட் எனப்படும், கணவாய்க்குச் சொந்தமான ஓர் அழிந்த உயிரின் பாகம்.

இதே ஊட்டத்தூர் பாறைத் தொகுதியில் காரைக்கு அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. கல்லக்குடி என்றால் தமிழ்நாட்டு அரசியல் தெரிந்தவர்களுக்கு 1953 போராட்டம் நினைவுக்கு வரும். டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி நடந்த போராட்டம் அது. அந்த ஊரின் சிமெண்ட் ஆலைக்காக வெட்டி எடுக்கப்படும் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் பவளப்பாறையாகவும் கடற்பாசியாகவும் கடலுக்குள் இருந்தது.

'ஏனுங்க, நம்ம கொங்கு மண்ணுல கிடைக்காதுங்களா?'

கிடைக்காதுங்க. காரணம் எளிமையானது. கொங்கு நாட்டின் பாறை ரொம்ப ரொம்பப் பழசு.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் காலடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். இவற்றில் பழமையானவற்றின் வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். சுறாக்களின் வரலாறோ 40 கோடி ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சுறா மட்டுமல்ல, மீன், சிப்பி, மரம் எதுவுமே உலகத்தில் இல்லாத காலத்துப் பாறை இது. அன்று பூமியில் இருந்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடிக்கு போர் போட்டாலும் மேலே வருவது கல் மாவு மட்டும்தான். அதில் ஒரு சிப்பி ஓடு கூட வராததற்குக் காரணம் இதுதான்.

'மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் இருக்கே, அரியலூரிலும் சுண்ணாம்புக்கல்தானே?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, பளிங்கு போலப் படிகமாக மாறியது. அரியலூர் சுண்ணாம்புக்கல் அப்படி வேகவில்லை. அதில் சிப்பி ஓடுகளை இன்றும் கையால் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் சிமெண்ட் ஆகும். ஆனால் புதைபடிவம் தருவது ஒன்றுதான்.

அதே வெப்பமும் அழுத்தமும் கொங்குக்கு வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. காங்கேயம் பக்கம் படியூரின் பச்சைநீலக் கல், சிவன்மலைப் பகுதியின் குருந்தக்கல், கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட மணி செய்யும் தொழில் எல்லாம் இந்தப் பழம்பாறை கொடுத்த செல்வம். ஒரு மண்ணுக்கு ரத்தினம், இன்னொரு மண்ணுக்குச் சுறாப்பல்!

இன்னொரு தொடர்பும் உண்டு. காவிரிப் படுகைக் கடலுக்குள் போய்ப் படிந்த மணலும் களிமண்ணும் எங்கிருந்தோ வந்தவை இல்லை. கடலுக்கு மேற்கே நின்ற இதே வகைப் பழம்பாறை நிலம் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து, ஆறுகளோடு போனதுதான். அந்த நிலத்தின் வண்டல்தான் சுறாப் பற்களை மூடிக் காப்பாற்றியது.

யார் கண்டுபிடித்தது?

இந்தக் கதை 180 ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. 1840-களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அதில் இருந்த மீன் எச்சங்களை ஃபிலிப் எகர்ட்டன் ஆராய்ந்து 1845-ல் கட்டுரை வெளியிட்டார். அதில் சுறாப் பற்களும் இருந்தன.

அடுத்து இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை அலசி வரைபடமாக்கினார். 1862-ல் வெளியான அவரது ஆய்வுதான் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. இன்றைக்கும் புவியியல் மாணவர்கள் படிப்பது அந்தப் பெயர்களைத்தான். அவருக்குப் பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, 1873 வரை தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதிக் குவித்தார்.

ஆனாலும் அம்மோனைட், சிப்பி, நத்தை ஓடுகளுக்குக் கிடைத்த கவனம் சுறாப் பற்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கியது 2011-ல் வெளியான ஆய்வு. சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃபிளின் ஆகிய ஐந்து பேர், காரை அடுக்கில் கிடைத்த முதுகெலும்புள்ள கடல் உயிரிகளைப் பற்றி எழுதிய கட்டுரை அது. முதுகெலும்பி தொல்லுயிரியலுக்கான சர்வதேச இதழில் வெளிவந்தது.

இவ்வகை ஆய்வில் தரையில் கண்ணுக்குத் தெரியும் பற்களைப் பொறுக்குவது ஒரு வழி. மூட்டை மூட்டையாக மண்ணை அள்ளி, நீரில் ஊறவைத்து, சல்லடையில் சலித்து, மிஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்துத் தேடுவது இன்னொரு வழி. பாட்டி அரிசியில் கல் பொறுக்குவாரே, அந்த வேலைதான். இங்கே கல்லைத் தள்ளிவிட்டுப் பல்லை எடுக்க வேண்டும். அதுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டுப் பல்லால் ஐரோப்பிய மீனுக்குப் புதுப்பெயர்

இந்த ஆய்வின் சுவாரசியமான பகுதி இதுதான்.

1860-களில் பிக்டே என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர், ஐரோப்பாவில் கிடைத்த ஒரு பழைய சுறாப் பல்லுக்கு 'நோட்டிடானஸ் ஆப்டியன்சிஸ்' என்று பெயர் வைத்திருந்தார். நோட்டிடானஸ் என்பது அந்தக் காலத்தில் ஒரு கதம்பக் கூடை. சீப்பு மாதிரிப் பல் கிடைத்தால் போதும், எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவார்கள்.

காரைப் பற்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்ட ஆய்வாளர்களுக்கு, இதுவும் அந்த ஐரோப்பியப் பல்லும் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. அதேநேரம் இன்று வாழும் எந்தப் பேரினத்திலும் இவை சேரவில்லை. அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு புதிய வீட்டைக் கட்டினார்கள். அதுதான் கிளாடியோசெரேட்டஸ்.

பேரினத்துக்கு அடையாளச் சிற்றினமாக, முதலில் பெயர் பெற்ற ஐரோப்பிய ஆப்டியன்சிஸ் வைக்கப்பட்டது. காரைப் பற்கள் மேக்னஸ் என்ற புதிய சிற்றினமாகின. பின்னர் 2014-ல் தெற்கு பிரான்ஸில் கிடைத்த இன்னும் பழைய பற்களுக்கு டென்டேட்டஸ் என்று பெயரிடப்பட்டு, மூன்றாவது சிற்றினமும் இதே வீட்டுக்குள் வந்தது. மூன்றில் காலத்தால் இளையது நம்ம ஊர் மேக்னஸ்தான்.

அதாவது ஒன்றரை நூற்றாண்டாக ஐரோப்பிய அருங்காட்சியகத்தில் தவறான பெயரோடு இருந்த ஒரு மீனுக்குச் சரியான முகவரி கிடைக்க, பெரம்பலூர் ஓடைப் பள்ளத்துப் பற்கள் உதவியிருக்கின்றன.

அதே கடலில் வேறு என்னவெல்லாம் இருந்தன?

கிளாடியோசெரேட்டஸ் தனியாக நீந்தவில்லை. அதே 2011 ஆய்வு டுவார்டியஸ் சுடிண்டிகஸ் என்ற இன்னொரு புதிய சுறாச் சிற்றினத்தையும் அறிவித்தது. அந்தப் பெயருக்குள்ளேயே தென்னிந்தியா ஒளிந்திருக்கிறது. கிரெட்டாலாம்னா, ஸ்குவாலிகோராக்ஸ் போன்ற, உலகின் பல கடல்களில் சுற்றிய சுறாக்களின் பற்களும் அங்கே கிடைத்தன.

டால்பின் போன்ற உடலமைப்பு கொண்ட இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவும் அந்தக் கடலில் இருந்தது. ஊட்டத்தூர் பாறையில் கிடைத்த அதன் முதுகெலும்புகளை ரிச்சர்ட் லைடெக்கர் 1879-லேயே விவரித்து, 'இண்டிகஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். செனோமேனியன் கட்டம் முடிவதற்குள் இக்தியோசார்கள் உலகம் முழுவதும் அழிந்துபோயின. காரைக் கடலில் நீந்தியவை அந்த வம்சத்தின் கடைசித் தலைமுறைகளில் சில.

இந்தச் சுறாவின் சொந்தக்காரர்கள் இன்றும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். கிளாடியோசெரேட்டஸ் போய்விட்டது, ஆனால் ஹெக்ஸாங்கிடே குடும்பம் அழியவில்லை. இன்றைக்கும் ஆறு செவுள் சுறா, ஏழு செவுள் சுறா என்று சில சிற்றினங்கள் உலகக் கடல்களில் வாழ்கின்றன. பெரிய ஆறு செவுள் சுறா ஐந்து மீட்டர் நீளம் வரை வளரும். பகலில் வெளிச்சமே எட்டாத ஆழத்தில் இருந்துவிட்டு, இரவில் மேலே ஏறி வந்து இரை தேடும். இந்தியப் பெருங்கடலிலும் இந்தக் குடும்பம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் போல ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பெயர்போன ஊர்களின் மீனவர்கள் தூண்டில் போடுவதும் இதே பெருங்கடலில்தான்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை ஒழித்த பேரழிவையும் தாண்டி வந்த குடும்பம் இது. அதன் இன்றைய உறுப்பினர்களைப் புரிந்துகொள்ள, பழைய உறுப்பினர்களின் பற்களும் ஒரு முக்கிய ஆவணம்.

டைனோசர் முட்டை கிடைத்தது என்று சொன்னார்களே?

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை' என்று சமூக வலைதளங்களில் படம் பறந்தது. பார்த்த புவியியலாளர்கள், அவை முட்டை இல்லை, கடல் சேறு அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றி இறுகி உருவான உருண்டைகள் என்று விளக்கம் கொடுத்தார்கள்.

டைனோசருக்கும் இந்தப் பகுதிக்கும் சம்பந்தமே இல்லை என்று அர்த்தம் அல்ல. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அது காரையை விடப் பல கோடி ஆண்டுகள் இளைய பாறை.

முட்டை என்றால் வைரல் ஆகிறது, சுறாப்பல் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் புதிய பேரினம் ஒன்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, விரல் நகம் போல யார் கண்ணிலும் படாமல் கிடந்த பற்கள்தான்.

கிடைத்த பல்லைப் பாக்கெட்டில் போட்டால் என்ன தப்பு?

இதுதான் முக்கியமான விஷயம். ஒரு புதைபடிவத்தின் மதிப்பில் பாதி அதன் வடிவத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது.

எந்த அடுக்கில் கிடந்தது, மேலே என்ன பாறை, கீழே என்ன பாறை, பக்கத்தில் எந்த வகை அம்மோனைட் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். பல்லை எடுத்து ஷோகேஸில் வைத்துவிட்டால், பல் இருக்கும், கதை போய்விடும். பிறகு எவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் 'எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இன்னொரு பக்கம், இந்த நிலமே மாறிக்கொண்டிருக்கிறது. அரியலூர் வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சுரங்கம் புதிய அடுக்குகளை வெளியே கொண்டுவந்து காட்டுகிறது என்பதும் உண்மை, காட்டிய வேகத்தில் அரைத்துவிடுகிறது என்பதும் உண்மை. காரையின் மேடுகளையோ ஒவ்வொரு மழையும் கரைக்கிறது. வெளியே வந்த பல் அடுத்த மழைக்குள் யார் கண்ணிலாவது பட்டால்தான் உண்டு.

புவியியல் மரபு இடங்களையும் தொல்லெச்சங்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் கொண்டுவர, மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கோயில் சிலைக்கும் கல்வெட்டுக்கும் தொல்லியல் சட்டம் இருப்பது போல, கோடி ஆண்டுப் பழைய பல்லுக்கும் ஒரு காவல் வேண்டும் என்பது புவியியலாளர்களின் நீண்டநாள் கோரிக்கை.

போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். கோவையில் இருந்து கரூர், திருச்சி வழியாகச் சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய், அங்கிருந்து கிழக்கே திரும்பினால் காரை. அதே வட்டாரத்தில் சாத்தனூர் தேசியக் கல்மரப் பூங்காவும் இருக்கிறது. சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் அங்கே படுத்துக் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த மரம் அது. ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்த மரம் என்பதால், கரை பக்கத்திலேயே இருந்தது என்பதற்கும் அது சாட்சி. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் உண்டு.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கவனிக்க வேண்டியவை:

பாருங்கள், தொடுங்கள், படம் எடுங்கள். படத்தில் அளவு தெரிய ஒரு நாணயத்தையோ பேனாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தியாசமாக ஏதாவது தென்பட்டால் எடுக்காமல், மொபைலில் இடத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ கல்லூரிப் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள்.

சாலையோரம் யாராவது விற்றால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரை தோண்ட ஆள் இருக்கும்.

கிளாடியோசெரேட்டஸ் மேக்னஸ் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ பொறுமையாகச் சலித்தும் பொறுக்கியும் குறித்தும் வைத்த பற்களால் தெரிந்ததுதான். காரை மண்ணில் இன்னும் பெயர் வைக்கப்படாத மீன்கள் இருக்கலாம். அவற்றின் பல், கிடக்கும் இடத்திலேயே கிடந்தால்தான் அவற்றுக்கும் ஒரு பெயர் கிடைக்கும்.